வாசகர் கேள்விகள்: ஃபெஸ் நகரத்தை யாரோடு நடந்து பார்ப்பது?

சென்ற இதழில், மொராக்கோவின் பழம்பெரும் நகரமான ஃபெஸ்ஸில் நான் கழித்த ஐந்து நாட்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தன: அந்த நகரத்தை வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு பார்ப்பதா, தனியாகச் சுற்றுவதா, எதை எந்த வரிசையில் பார்ப்பது? சில கடிதங்களைச் சுருக்கியும், ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்தும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கைப்பேசியிலேயே வரைபடம் இருக்கும் காலத்தில் வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பது வீண்செலவு இல்லையா? நாங்கள் பல நாடுகளைத் தனியாகவே சுற்றிப் பார்த்தவர்கள்.

முதல் நாளுக்கு அது வீண்செலவு இல்லை என்பதே என் உறுதியான கருத்து. ஃபெஸ் எல்-பாலி எனப்படும் பழைய நகரத்துக்குள் கார் போக வழியில்லை. எண்ணற்ற சந்துகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. சில இடங்களில் எதிரே ஒருவர் வந்தால் நாம் தோளைத் திருப்பிச் சுவரோடு ஒட்டி நின்றுதான் வழிவிட வேண்டும். இருபுறமும் உயர்ந்த சுவர்கள் வானத்தை மறைத்துவிடுவதால் கைப்பேசி காட்டும் நீலப் புள்ளி இந்தச் சந்துக்கும் அடுத்த சந்துக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டே இருக்கும். வரைபடத்தில் தெருவாகத் தெரியும் கோடு, நேரில் போய்ப் பார்த்தால் யாரோ ஒருவருடைய வீட்டு வாசலில் போய் முடியும். அப்படி முடிகிற முட்டுச் சந்துக்கு அங்கே ‘தர்ப்’ என்று பெயர். அது அந்தச் சந்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே உரிய வழி.

ஆனால் வழி தவறாமல் இருப்பதற்காக மட்டும் வழிகாட்டியை அமர்த்தச் சொல்ல மாட்டேன். ஃபெஸ் தன் முகத்தைத் தெருவுக்குக் காட்டாத நகரம் என்பதுதான் முக்கியமான காரணம். அங்குள்ள வீடுகள் எல்லாம் உள்முற்றத்தை நோக்கிக் கட்டப்பட்டவை. தெருப் பக்கம் சன்னல்கூட இல்லாத வெற்றுச் சுவர்தான் தெரியும். அந்தச் சுவரைப் பத்து முறை கடந்தாலும் உள்ளே ஓடுவது நீரூற்றா, நெசவுத் தறியா, அரபுப் பாடசாலையா என்று நமக்குத் தெரியப்போவதில்லை. என்னோடு வந்த வழிகாட்டி ஒரு கதவின் முன் நின்று, அதில் மேலும் கீழுமாக இருந்த இரண்டு இரும்பு வளையங்களைத் தட்டிக் காட்டினார். பெரிய வளையத்தின் ஓசை கனமாகவும் சிறியதன் ஓசை மெலிதாகவும் கேட்டது. வீட்டார் வந்தால் ஒன்றையும் அயலார் வந்தால் மற்றொன்றையும் தட்டுவது வழக்கம் என்றும், உள்ளே இருக்கும் பெண்கள் அந்த ஓசையைக் கேட்டே கதவைத் திறப்பது யார் என்று முடிவு செய்வார்கள் என்றும் அவர் சொன்னார். அதன் பிறகு எனக்கு அந்த நகரத்தின் ஒவ்வொரு கதவும் வேறாகத் தெரிந்தது.

ஆகவே முதல் நாள் அரைநாளோ முழுநாளோ வழிகாட்டியோடு நடந்துவிட்டு, மறுநாள் தனியாகப் போங்கள். வழி தவறினால் பதற வேண்டாம். சாலை மேலேறினால் பெரும்பாலும் பழைய நகரத்தின் நீல நுழைவாயிலான பூ ஜலூத்தை நோக்கியும், கீழிறங்கினால் ஆற்றையும் அதனருகிலுள்ள ரசீஃப் சதுக்கத்தையும் நோக்கியும் போகிறோம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நகரம் கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் இருப்பதால் இந்தக் கணக்கு என்னைக் கைவிட்டதில்லை.

போலி வழிகாட்டிகள் தொல்லை அதிகம் என்கிறார்களே, உண்மையா? நல்ல வழிகாட்டியை எப்படி அடையாளம் காண்பது?

உண்மைதான், எனக்கே நேர்ந்தது. முதல் நாள் மாலை நான் தனியாக நடந்துகொண்டிருந்தபோது இருபது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் எதிரே வந்து, “அந்தத் தெரு தொழுகைக்காக மூடியிருக்கிறது, இப்படி வாருங்கள்” என்று மிகவும் அன்பாகச் சொல்லி அழைத்துப் போனார். கால் மணி நேரம் கழித்து நான் ஒரு கம்பளக் கடையின் மாடியில் புதினாத் தேநீரோடு உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து வெளியே வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்தத் தெரு மூடப்படவே இல்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. யாராவது வழியில் வந்து தெரு மூடியிருக்கிறது என்று சொன்னால், நின்று பேசாமல் ‘லா, ஷுக்ரன்’ (வேண்டாம், நன்றி) என்று புன்னகையோடு சொல்லிவிட்டு நடையைத் தொடருங்கள்.

மொராக்கோவில் வழிகாட்டித் தொழிலுக்கு அரசின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்கள் புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். கேட்டால் தயங்காமல் காட்டுவார்கள். நகரங்களிலும் சுற்றுப்பாதைகளிலும் வழிகாட்டுபவர்களுக்கும், மலை போன்ற இயற்கைப் பகுதிகளில் வழிகாட்டுபவர்களுக்கும் உரிமம் வேறு வேறு. பழைய நகரத்தில் உரிமம் இல்லாமல் வழிகாட்டுகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே சுற்றுலாக் காவல் பிரிவு ஒன்று சாதாரண உடையில் சுற்றி வருகிறது. தெருவில் தேடாமல், நீங்கள் தங்கும் ‘ரியாத்’ (உள்முற்றம் கொண்ட பழைய வீட்டை மாற்றியமைத்த விடுதி) வழியாகவோ சுற்றுலா அலுவலகத்தின் வழியாகவோ முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. கட்டணத்தை மொராக்கோ நாணயமான திர்ஹாமில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். அது தலைக்கு இவ்வளவா, குழுவுக்கு இவ்வளவா என்பதையும், நுழைவுச் சீட்டுகள் அதில் சேருமா என்பதையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கடைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வழிகாட்டி அழைத்துப் போகும் கடையில் நீங்கள் வாங்கும் பொருளுக்கு அவருக்குக் கமிஷன் கிடைக்கும்; அந்தத் தொகை நீங்கள் கொடுக்கும் விலைக்குள்தான் இருக்கிறது. இதை ஏமாற்று என்று ஒரேயடியாகச் சொல்ல நான் தயாராக இல்லை, ஏனென்றால் பயணிகள் வராத மாதங்களில் அந்தக் குடும்பங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் உங்கள் நேரம் உங்களுடையது. நடை தொடங்குவதற்கு முன்பே, “இன்று கடைகள் வேண்டாம், வேலை நடக்கும் பட்டறைகளை மட்டும் காட்டுங்கள், அதற்கேற்ப நான் உங்களுக்குச் சேர்த்துத் தருகிறேன்” என்று நேராகச் சொல்லிவிடுங்கள். நான் அப்படிச் சொன்னபோது என் வழிகாட்டியின் முகத்தில் தெரிந்தது வருத்தம் இல்லை, நிம்மதி. அன்று அவர் ஒரு சரித்திர ஆசிரியரைப் போலப் பேசினார்.

ஒரு நாள் வழிகாட்டி நடையில் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத முடியுமா?

காலை ஒன்பது மணிக்குள் கிளம்புங்கள். நகரத்துக்குள் நுழைவதற்கு முன், வடக்கே, ஒரு காலத்தில் மொராக்கோவை ஆண்ட மரீனிய வம்ச அரசர்களின் சிதைந்த கல்லறைகள் இருக்கும் குன்றுக்கு டாக்சியில் போய், பழைய நகரத்தை மேலிருந்து ஒரு முறை முழுமையாகப் பார்த்துவிடுவது அவசியம். மண்நிறக் கூரைகளுக்கு நடுவே பச்சை ஓடு வேய்ந்த பள்ளிவாசல்களும் மினார்களும் தெரியும். நடுவில் ஆறு ஓடும் தடத்தைக் காட்டச் சொல்லுங்கள், ஏனென்றால் இந்த நகரத்தின் கதையே அந்த ஆற்றிலிருந்துதான் தொடங்குகிறது. 789-இல் முதலாம் இத்ரீஸ் ஆற்றின் வலக்கரையில் ஓர் ஊரை நிறுவினார். அவருடைய மகன் இரண்டாம் இத்ரீஸ் 809 வாக்கில் இடக்கரையில் மற்றோர் ஊரை எழுப்பினார். ஸ்பெயினின் கோர்தோபாவில் நடந்த கலகத்துக்குப் பின் விரட்டப்பட்ட குடும்பங்கள் வலக்கரையில் வந்து தங்கின. துனீசியாவின் கைரவானிலிருந்து வந்தவர்கள் இடக்கரையில் குடியேறினார்கள். அந்த இரண்டு கரைகளும் இன்றும் அந்தலூசியர் பகுதி, கரவிய்யீன் பகுதி என்றே அழைக்கப்படுகின்றன. தனித்தனி மதில்களோடு இருந்த இரண்டையும் 11-ஆம் நூற்றாண்டில் அல்மொராவித் அரசர் யூசுஃப் இப்ன் தாஷ்ஃபீன் ஒரே நகரமாக்கினார். இரண்டு அகதிக் கூட்டங்கள் கட்டிய நகரம் இது என்று தெரிந்துகொண்டு உள்ளே இறங்கினால், அங்குள்ள கைவினையின் செழுமைக்குக் காரணம் புரியும்.

குன்றிலிருந்து இறங்கி, 1276-இல் மரீனியர்கள் கட்டிய ஃபெஸ் எல்-ஜ்தீத், அதாவது ‘புதிய ஃபெஸ்’ பகுதியில் அரண்மனையின் பித்தளைக் கதவுகளையும் அருகிலிருக்கும் மெல்லா எனும் யூதர் தெருவையும் பார்க்கலாம். அரண்மனைக்குள் அனுமதி இல்லை. கதவுகள் சுமார் 1970-இல் உள்ளூர்க் கைவினைஞர்கள் செய்தவை. அழகானவை, பத்து நிமிடம் போதும். மெல்லாவுக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுங்கள். 15-ஆம் நூற்றாண்டில் உருவான அந்தப் பகுதியில் வீடுகளின் மர மாடங்கள் தெருவைப் பார்த்து நீண்டிருக்கின்றன. உள்நோக்கிய முஸ்லிம் வீடுகளுக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்ன் தனான் ஜெப ஆலயமும், வெள்ளையடித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இறங்கும் இடுகாடும் அங்கே இருக்கின்றன. அந்தச் சமூகத்தினர் பெரும்பாலும் இஸ்ரேலுக்கும் பிரான்சுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள்.

பிறகு பூ ஜலூத் வாயில். எல்லோரும் படம் எடுக்கும் இந்த நீல வாயில் 1913-இல், பிரெஞ்சு ஆட்சி தொடங்கிய மறு ஆண்டு கட்டப்பட்டது. ஆகவே பழைய நகரத்தின் அடையாளமாக அறியப்படும் அது, அந்த நகரத்தின் இளைய கட்டடங்களில் ஒன்று. வெளிப்பக்கம் நீலம், உள்பக்கம் பச்சை. நீலம் ஃபெஸ்ஸின் நிறம், பச்சை இஸ்லாத்தின் நிறம் என்பார்கள்.

வாயிலைக் கடந்ததும் தாலா கபீரா, தாலா ஸ்கீரா என இரண்டு தெருக்கள் இணையாகக் கீழிறங்குகின்றன. கபீராவில் சிறிது தூரத்திலேயே பூ இனானியா மதரஸா வந்துவிடும். 1350-இல் தொடங்கி 1355-இல் முடிந்த இந்தக் கல்விக்கூடத்தின் முற்றத்தில் அரை மணி நேரமாவது உட்காருங்கள். சுவர் மூன்று அடுக்காக மேலே போகிறது: கண் மட்டம் வரை ‘ஸெல்லீஜ்’ எனப்படும் வண்ண ஓட்டுச் சில்லுகள், அதற்கு மேல் செதுக்கிய சுண்ணச்சாந்து, அதற்கும் மேல் தேவதாரு மரம். சில்லுகளை நெருங்கிப் பாருங்கள். அவை வண்ணம் தீட்டியவை அல்ல; மெருகிட்டுச் சுட்ட ஓட்டை, கூர்முனைச் சுத்தியலால் ஒவ்வொரு வடிவமாகக் கொத்தி எடுத்தவை. கொத்தியவற்றைக் கைவினைஞர், வண்ணப் பக்கம் தரையைப் பார்த்திருக்கும்படி குப்புறக் கவிழ்த்து அடுக்குகிறார்; பின்பக்கம் சாந்தைப் பூசி இறுகவிட்டு, நிமிர்த்திய பிறகுதான் கோலம் தெரியும். அதுவரை அந்தக் கோலம் முழுவதும் அவருடைய நினைவில்தான் இருக்கிறது. இதைக் குயவர் பகுதியான ஐன் நொக்பியில் நேரில் பார்த்தபோது, தரையில் அமர்ந்திருந்த அந்தப் பெரியவர் எந்தச் சில்லையும் திருப்பிப் பார்க்காமல், விரல் நுனியால் விளிம்பைத் தடவிப் பார்த்தே சரியான இடத்தில் வைத்தார். அங்கே அவரைப் போன்ற தேர்ந்த கைவினைஞரை ‘மஅல்லிம்’, அதாவது ஆசான், என்றுதான் அழைக்கிறார்கள்.

மதரஸாவுக்கு எதிர்ச்சுவரில் 1357-ஐச் சேர்ந்த நீர்க்கடிகாரத்தின் மிச்சம் இருக்கிறது. பன்னிரண்டு சிறு கதவுகள். மணிக்கொரு கதவு திறந்து, ஓர் உலோகக் குண்டு கீழேயுள்ள பித்தளைக் கிண்ணத்தில் விழுமாம். உள்ளே ஒரு தொட்டியின் நீர் சீராக வடிய, அதில் மிதந்த எடை இறங்கி, கதவுகளுக்குப் பின்னால் ஒரு சிறு வண்டியை இழுத்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள்.

அங்கிருந்து இறக்கம். ‘பாலக்! பாலக்!’ என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டால் உடனே சுவரோரம் ஒதுங்குங்கள். எரிவாயு உருளைகளோ பச்சைத் தோல்களோ சுமந்த கோவேறு கழுதை வருகிறது என்று அர்த்தம். இந்தச் சந்துகளின் சரக்கு வாகனம் அதுதான். அவற்றுக்கு இலவசமாக மருத்துவம் பார்க்கும் விலங்கு மருத்துவமனை ஒன்று 1927-லிருந்து ஃபெஸ்ஸில் இயங்கி வருகிறது.

அடுத்து நஜ்ஜாரீன் சதுக்கம், மௌலாய் இத்ரீஸ் (இரண்டாம் இத்ரீஸ்) அடக்கத்தலத்தின் வாசல், அத்தாரீன் மதரஸா, கரவிய்யீன் பள்ளிவாசல், ஸஃப்பாரீன் சதுக்கம் என்று வரிசையாக வரும். பெயர்களை வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்: நஜ்ஜாரீன் என்றால் தச்சர்கள், அத்தாரீன் என்றால் நறுமணப் பொருள் விற்போர், ஸஃப்பாரீன் என்றால் பித்தளை, செம்புக் கன்னார்கள். ஸஃப்பாரீனில் மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு பேர் ஒரே அண்டாவைத் தட்டுவதைக் கேட்டேன். ஒருவர் உள்ளிருந்தும் மற்றவர் வெளியிலிருந்தும் தட்ட, ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று சரியாக விழுந்தது. கல்யாணங்களில் சமைப்பதற்கான பெரிய அண்டா அது. அதற்கப்பால் தோல் பதனிடும் இடமும், கடைசியில் ரசீஃப் சதுக்கமும். இவ்வளவும் ஒரு நாளுக்குத் தாராளமாகப் போதும். இதோடு வோலூபிலிஸ் என்ற ரோமானிய நகரத்தின் இடிபாடுகளையும் மெக்னெஸ் நகரத்தையும் அதே நாளில் சேர்த்துக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தோல் பதனிடும் தொட்டிகளின் நாற்றம் தாங்க முடியாது என்கிறார்கள். அவசியம் பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும். ஷூவாரா எனப்படும் அந்த இடத்தைச் சுற்றியுள்ள தோல் கடைகளின் மாடியிலிருந்துதான் பார்க்க முடியும். நுழையும்போதே கையில் ஒரு கொத்துப் புதினாவைக் கொடுப்பார்கள், அதை மூக்கருகே பிடித்துக்கொள்ளலாம். காலையில் போனால் நாற்றம் குறைவு, வெளிச்சமும் நன்றாக இருக்கும்.

நாற்றத்துக்குக் காரணம் தெரிந்தால் அருவருப்பு குறையும். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பு, தண்ணீர், மாட்டு மூத்திரம், புறாவின் எச்சம் ஆகியவை கலந்திருக்கின்றன. மாடு, ஆடு, ஒட்டகத் தோல்கள் அதில் இரண்டு மூன்று நாட்கள் ஊறும்போது முடியும் கொழுப்பும் கழன்றுவிடும். புறா எச்சத்தில் உள்ள அம்மோனியா தோலை மென்மையாக்கி, சாயத்தை உள்ளே வாங்கும் பதத்துக்குக் கொண்டுவருகிறது. பிறகு அதை மணிக்கணக்கில் காலால் மிதிக்கிறார்கள். அதற்கப்புறம்தான் பழுப்பும் சிவப்பும் மஞ்சளுமான சாயத் தொட்டிகள். அவுரி, மருதாணி, பாப்பி மலர் என்று கடைக்காரர்கள் பட்டியல் சொல்வார்கள். இப்போது வேதிச் சாயங்களும் கலந்துதான் புழங்குகின்றன.

மாடியிலிருந்து பார்க்கும்போது அது வண்ணப் பெட்டியைப் போல அழகாகத் தெரிகிறது. ஆனால் தயவுசெய்து வண்ணத்தை மட்டும் பார்க்காமல், தொடை வரை அந்த நீரில் நின்று வெயிலில் குனிந்து வேலை செய்யும் மனிதர்களையும் சற்று நேரம் பாருங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு அவர்கள் பக்கம் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்தபோது எனக்கு மனம் வலித்தது. கீழே நின்ற ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

இப்ன் பதூதா எங்கள் மதுரைக்கு வந்தவர் என்று படித்திருக்கிறேன். அவருக்கும் ஃபெஸ்ஸுக்கும் தொடர்பு உண்டா? (மதுரை வாசகர் ஒருவர்)

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். தொடர்பு உண்டு, மிக நெருக்கமானது. மொராக்கோவின் தாஞ்சியர் நகரத்தில் 1304-இல் பிறந்த பயணி இப்ன் பதூதா, 1325-இல் வீட்டைவிட்டுக் கிளம்பி, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் சுற்றினார். இலங்கையிலிருந்து புறப்பட்ட கப்பல் புயலில் சிக்க, அவர் கரையேறியது மஅபர் என்று அரபுகள் அழைத்த நம் கடற்கரையில்தான். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் தமகானி, உறவு முறையில் அவருக்குச் சகலை. அந்தச் சுல்தான் செய்த கொடுமைகளை அவர் ஒளிக்காமல் பதிவு செய்திருக்கிறார். மதுரையில் பரவிய கொள்ளைநோயைப் பற்றியும், தானும் காய்ச்சலில் படுத்துச் சாவின் விளிம்புக்குப் போய், அங்கே நிறையக் கிடைத்த புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பிழைத்ததைப் பற்றியும் அவரே சொல்லியிருக்கிறார்.

அதையெல்லாம் அவர் சொன்னது ஃபெஸ்ஸில். பயணங்கள் முடிந்து திரும்பியவரை, சுல்தான் அபூ இனான் ஃபெஸ்ஸில் இருத்தி, கண்டதையெல்லாம் சொல்லச் செய்தார். கிரானடாவைச் சேர்ந்த இப்ன் ஜுஸய் என்ற அறிஞர் அதை எழுதினார். அந்த நூல் 1355 டிசம்பரில் முடிந்தது. மேலே நான் சொன்ன பூ இனானியா மதரஸாவைக் கட்டியதும் அதே அபூ இனான்தான், அதுவும் முடிந்தது அதே ஆண்டில்தான். மதுரைப் புளியின் கதை ஏட்டில் ஏறிக்கொண்டிருந்த நாட்களில் அந்த முற்றத்தில் கொத்தர்கள் கடைசிச் சில்லுகளைப் பதித்துக்கொண்டிருந்திருப்பார்கள். வழிகாட்டியிடம் நான் இதைச் சொன்னபோது, புளிக்கு அரபியில் ‘தம்ர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை, என்று பெயர் என அவர் எனக்கு நினைவூட்டினார்.

உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகத்தை ஒரு பெண் நிறுவினார் என்பது சரியா? உள்ளே போய்ப் பார்க்கலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்)

கைரவானிலிருந்து குடியேறிய வணிகர் ஒருவரின் மகளான ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி, தந்தை விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு 859-இல் கரவிய்யீன் பள்ளிவாசலை நிறுவினார் என்றும், அவருடைய தங்கை மர்யம் எதிர்க்கரையில் அந்தலூசியர் பள்ளிவாசலைக் கட்டினார் என்றும் மரபு சொல்கிறது. சில வரலாற்றாசிரியர்கள் இந்த வரலாற்றை ஐயத்தோடு பார்க்கிறார்கள். அதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் ஃபெஸ் மக்கள் அந்தச் சகோதரிகளைத் தங்கள் வீட்டுப் பெண்களைப் போலவே பேசுகிறார்கள். இடையறாது இயங்கிவரும் உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று யுனெஸ்கோவும் கின்னஸும் இதைக் குறிப்பிடுகின்றன. தொடக்கத்தில் அது பள்ளிவாசலோடு இணைந்த கல்விக்கூடமாக இருந்தது, நவீனப் பல்கலைக்கழகமாக அரசின்கீழ் வந்தது 1960-களில்தான். பெண் நிறுவியதாகப் போற்றப்படும் அங்கே மாணவியர் சேர்க்கப்பட்டதோ 1940-களில்.

மொராக்கோவில் மிகப் பெரும்பாலான பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிம் அல்லாதோருக்கு அனுமதி இல்லை. கரவிய்யீனுக்கும் அதுதான் விதி. திறந்திருக்கும் வாசலிலிருந்து வெண்மையான தூண் வரிசைகளையும், முற்றத்தின் இரு முனைகளிலும் உள்ள மண்டபங்களையும் பார்க்கலாம்; கிரானடாவின் அல்ஹம்ப்ராவைப் பார்த்தவர்களுக்கு அந்த மண்டபங்கள் பழகியவையாகத் தோன்றும். தொழுகை நேரத்தில் வாசலை மறித்து நிற்காதீர்கள். அதே பாணி வேலைப்பாட்டை நெருங்கிப் பார்க்க, பக்கத்திலேயே 1325-இல் முடிந்த அத்தாரீன் மதரஸா இருக்கிறது. மாடியில் மாணவர்கள் தங்கிப் படித்த சிறு அறைகளுக்குள்ளும் போகலாம். ஆசிரியையான உங்களுக்கு அந்த அறைகள் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஒருவர் படுத்து ஒரு விளக்கை வைக்கும் அளவுக்குத்தான் இடம்.

கரவிய்யீன் நூலகத்தை, ஃபெஸ்ஸிலேயே பிறந்த கட்டடக் கலைஞர் அஜீஸா ஷாவுனி என்ற பெண்மணி புதுப்பித்திருக்கிறார். 14-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்ன் கல்தூன் தம் வரலாற்று நூலின் பிரதியொன்றை வழங்கிய நூலகம் அது.

எங்கள் வீட்டில் எல்லோரும் சைவம். உணவுக்கு என்ன செய்வது?

சமாளிக்கலாம், ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். காய்கறி டாஜின் (மண்சட்டியில் வேகவைக்கும் குழம்பு), காய்கறி கூஸ்கூஸ் (ஆவியில் வேகவைத்த கோதுமை ரவை) என்று எழுதியிருந்தாலும் குழம்பு இறைச்சிச் சாற்றில் வெந்திருக்கக்கூடும். ‘ப்லா ல்ஹம்’ என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். சாறும் வேண்டாம் என்பதை வழிகாட்டியை விட்டே சொல்லச் சொல்லுங்கள். பெரிய அவரையை மசித்து ஆலிவ் எண்ணெயும் சீரகமும் தூவித் தரும் பிஸ்ஸாரா, கத்தரிக்காயைச் சுட்டு மசிக்கும் ஸாலூக், தக்காளியும் குடைமிளகாயும் சேர்ந்த தக்தூக்கா, அன்றைய ரொட்டி ஆகியவை வயிற்றையும் மனத்தையும் நிறைக்கும். குளிர்காலக் காலையில் தெருமுனைக் கடையில் நின்று குடித்த பிஸ்ஸாராவை நான் இன்னும் மறக்கவில்லை.

அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. அழைத்துப் போகலாமா?

தாராளமாக, ஆனால் இறக்கத்தில் மட்டும் நடக்கும்படி திட்டமிடுங்கள். பூ ஜலூத்தில் தொடங்கிக் கீழே இறங்கி, ரசீஃப் சதுக்கத்தில் முடித்தால், அங்கே வரை டாக்சி வரும். மறுபடி மேட்டில் ஏற வேண்டியதில்லை. ஃபெஸ்ஸின் சிறிய டாக்சிகள் சிவப்பு நிறம், மூன்று பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், மீட்டர் போடச் சொல்லிக் கேட்கலாம். தோல் தொட்டிகளைப் பார்க்கும் மாடிகளுக்குப் படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. அம்மாவுக்கு அது வேண்டாம். பெட்டிகளை விடுதிக்குக் கொண்டுபோகக் கைவண்டிக்காரர்கள் வாயிலிலேயே இருப்பார்கள். வழவழப்பான கல் பாவிய தெருக்கள் என்பதால் செருப்பைவிடப் பிடிப்புள்ள ஷூ நல்லது.

எந்த மாதத்தில் போவது?

மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரையும். கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். குளிர்காலத்தில் மழையும், கல் வீடுகளுக்குள் நாம் எதிர்பாராத குளிரும் இருக்கும். வெள்ளிக்கிழமை பிற்பகலில் பெரும்பாலான கடைகளும் பட்டறைகளும் மூடிவிடும் என்பதால், வழிகாட்டி நடையை அன்று வைத்துக்கொள்ளாதீர்கள். ரமலான் மாதத்தில் பகல் முழுவதும் நகரம் மெதுவாக இயங்கும். இரவின் கொண்டாட்டத்தைப் பார்க்க விரும்புபவர்களுக்கு மட்டும் அது பொருத்தமான காலம்.

மனிதர்களைப் படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். பெண்களையும் காவலர்களையும் எடுக்காதீர்கள். கைவினைஞர் தலையசைத்து அனுமதித்தால், எடுத்த பிறகு அதை அவருக்கும் காட்டுங்கள்.

மற்றவர்கள் தவறவிடும் ஒன்றை வழிகாட்டியிடம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றால், எதைக் கேட்பது?

‘ஃபர்ரான்’ என்று கேளுங்கள். ஃபெஸ்ஸில் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும் ஒரு பள்ளிவாசல், ஒரு பாடசாலை, ஒரு நீரூற்று, ஒரு குளியலகம், ஒரு பொது ரொட்டி அடுப்பு என்று ஐந்து இருக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். அந்த அடுப்புதான் ஃபர்ரான். வீட்டில் மாவு பிசைந்து, வட்டமாகத் தட்டி, பலகையில் அடுக்கித் துணியால் மூடி, பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவார்கள். முற்பகல் பதினொரு மணி வாக்கில் போனால், தலையில் பலகையோடு சிறுவர்கள் சந்துகளில் விரைவதைப் பார்க்கலாம். இப்போது கடையில் வாங்குபவர்கள் பெருகிவிட்டார்கள், ஆனாலும் அந்த அடுப்புகள் இன்னும் அணையவில்லை.

நான் போனது தரைமட்டத்துக்குக் கீழே நான்கு படி இறங்கும் ஓர் இருட்டறை. அடுப்புக்காரர் நீண்ட மரத் துடுப்பை உள்ளே விட்டு, வெந்த ரொட்டிகளை இழுத்து, சுவரோரம் வரிசையாக இருந்த பலகைகளில் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி வட்டங்கள்தான். எது எந்த வீட்டுடையது என்று எப்படித் தெரியும் என வழிகாட்டி வழியாகக் கேட்டேன். அவர் ஒன்றைக் கையில் எடுத்து, விளிம்பில் முள்கரண்டியால் குத்தியிருந்த மூன்று புள்ளிகளைக் காட்டினார். இன்னொன்றில் எந்த அடையாளமும் இல்லை. அதைச் சுட்டிக் கேட்டதற்கு, அந்த வீட்டம்மா முப்பது ஆண்டுகளாக மாவை இப்படித்தான் சற்றுத் தடிமனாகத் தட்டுகிறார் என்று சொல்லிவிட்டு, அதற்குரிய பலகையில் வைத்தார்.